முந்துவதும் காத்திருப்பதும்

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் மேல் ஒரு காகம் வந்து உட்காருகிறது. பறக்க எத்தனித்துச் சிறகை விரிக்கும்போது, அது 11 கே.வி. முனைகள் இரண்டைச் சேர்த்துத் தொட்டுவிடுகிறது. அந்தக் கணமே ஆயிரம் ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் அங்கே பாயத் தொடங்குகிறது.

அந்த மின்னோட்டம் அந்தத் தெருவில் பிறந்ததல்ல. ஊர் எல்லையில் இருக்கும் துணைமின் நிலையத்திலிருந்து புறப்பட்டு, ஃபீடர் கம்பிகளில் சில கிலோமீட்டர் ஓடி, கிளைக்கோட்டுக்குத் திரும்பி, டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்துப் பியூஸைக் கடந்து வந்திருக்கிறது. வழியில் காவலுக்கு நிற்பவர்கள் பலர்: டிரான்ஸ்ஃபார்மர் பியூஸ், கிளைக்கோட்டின் பியூஸ், ஃபீடரின் பிரேக்கரை இயக்கும் ரிலே, துணைமின் நிலையத்துப் பெரிய டிரான்ஸ்ஃபார்மரைக் காக்கும் ரிலே. எல்லோரும் ஒரே பாதையில் ஒருவர் பின் ஒருவராக நிற்பதால், அந்த ஆயிரம் ஆம்பியர் எல்லோர் வழியாகவும் ஒரே சமயத்தில் போகிறது. இவர்களில் யார் துண்டிப்பது?

டிரான்ஸ்ஃபார்மர் பியூஸ் போனால் ஒரு தெரு இருட்டாகும். கிளைக்கோட்டுப் பியூஸ் போனால் ஒரு பேட்டை. ஃபீடர் பிரேக்கர் விழுந்தால் ஊரில் ஒரு பகுதி. பெரிய டிரான்ஸ்ஃபார்மரின் பிரேக்கரே விழுந்துவிட்டால் ஊர் முழுவதும். யார் துண்டித்தாலும் பழுது நின்றுவிடும். நட்டத்தின் அளவுதான் வேறுபடும்.

இந்தக் காவலர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. பியூஸுக்கு ரிலே இருப்பது தெரியாது, ரிலேக்குப் பியூஸ் இருப்பது தெரியாது. ஒவ்வொருவருக்கும் தெரிந்தவை இரண்டே விவரங்கள்: எத்தனை ஆம்பியர் போகிறது, எவ்வளவு நேரமாகப் போகிறது. இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, சரியானவர் முந்தவும் மற்றவர்கள் பொறுத்திருக்கவும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைப்பதைத்தான் மின் பொறியாளர்கள் 'கோஆர்டினேஷன்' என்றும் 'கிரேடிங்' என்றும் சொல்கிறார்கள். தமிழில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பு எனலாம்.

வீட்டுச் சண்டை வீட்டோடு தீர வேண்டும். தீராவிட்டால் பங்காளிகள் வரலாம், அதற்கும் அடங்காவிட்டால்தான் ஊர்ப் பஞ்சாயத்து. பஞ்சாயத்து முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாலும் கெடுதல், கடைசிவரை வராமலே இருந்தாலும் கெடுதல். மின் பாதுகாப்பின் நியாயமும் இதுதான். பஞ்சாயத்து எத்தனை வினாடி பொறுக்கலாம் என்பதை இங்கே எண்ணாகவே எழுதி வைத்துவிடுகிறார்கள்.

உருகுவதற்கும் கணக்கு உண்டு

பியூஸ் எளிமையானது. வழக்கமான சுமையைத் தாங்கும், அளவு மிஞ்சினால் உருகி அறுந்துவிடும் ஒரு கம்பி. மின்விளக்குகளைக் காக்கும் இத்தகைய கம்பிக்கு 1880-இலேயே எடிசன் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார். அந்தப் பத்தாண்டுகளில் பிரிட்டனில் வில்லியம் ஹென்றி பிரீஸ் என்ற தந்தித் துறைப் பொறியாளர், எந்தத் தடிமனுள்ள கம்பி எத்தனை ஆம்பியரில் உருகும் என்று சோதித்து ஒரு விதியைச் சொன்னார். கம்பியின் விட்டத்தை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தி, உலோகத்துக்குரிய ஒரு மாறிலியால் பெருக்க வேண்டும். விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்தால் செம்புக்கு அந்த மாறிலி சுமார் 80. ஆகவே 1 மி.மீ. செம்புக் கம்பி ஏறக்குறைய 80 ஆம்பியரில் உருகும். 5 ஆம்பியர் வீட்டுப் பியூஸில் போடும் 0.2 மி.மீ. கம்பி 7 ஆம்பியர் அளவில் உருகும்.

இது மெல்ல மெல்லச் சூடேறி உருகுவதற்கான கணக்கு. ஷார்ட் சர்க்யூட்டில் நிலைமை வேறு. மின்னோட்டம் நூறு மடங்கு எகிறும்போது, பிறக்கும் வெப்பம் காற்றுக்குக் கசிய நேரமே கிடைக்காது. எல்லா வெப்பமும் கம்பிக்குள்ளேயே தங்கும். அப்போது கம்பி உருகுமா என்பதைத் தீர்மானிப்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் நேரத்தையும் பெருக்கி வரும் எண். பொறியாளர்கள் இதை 'ஐ ஸ்கொயர் டி' என்பார்கள். ஒவ்வொரு பியூஸுக்கும் இந்த எண் ஏறக்குறைய நிலையானது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் உருகும் நேரம் நான்கில் ஒரு பங்காகும், பத்து மடங்கானால் நூறில் ஒரு பங்காகும்.

இந்த எண்ணுக்கு ஒரு கொடிய குணம் உண்டு. அது கம்பியின் குறுக்குப் பரப்பின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது. கம்பியின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் நிதானமாக உருகும் மின்னோட்டம் 2.8 மடங்குதான் உயரும். ஷார்ட் சர்க்யூட்டில் அது உள்ளே விடும் 'ஐ ஸ்கொயர் டி'யோ 16 மடங்காகிவிடும்.

கம்பி உருகியதும் வேலை முடிந்துவிடாது. அறுந்த இடைவெளியில் மின்பொறி எரியத் தொடங்கும், அதையும் அணைத்தாக வேண்டும். மாறுதிசை மின்னோட்டம் நம் நாட்டில் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. கம்பத்தில் குழாய்போலத் தொங்கும் டிராப்-அவுட் பியூஸ், அந்தப் பூஜ்யத் தருணம் வரும்போது குழாய்க்குள் வெடித்தெழும் வாயுவால் பொறியை ஊதி அணைக்கிறது. பீங்கான் உடலுக்குள் குவார்ட்ஸ் மணல் நிரப்பிய எச்.ஆர்.சி. பியூஸ் பூஜ்யத்துக்குக்கூடக் காத்திராது. பொறியின் வெப்பத்தை மணல் விழுங்கிக் கண்ணாடிபோல உருகி இறுக, மின்னோட்டம் உச்சத்தைத் தொடும் முன்பே அடங்கிவிடுகிறது.

எனவே ஒரு பியூஸுக்கு வரைகோடு ஒன்றல்ல, இரண்டு. உருகத் தொடங்குவதற்கான மிகக் குறைந்த நேரம் ஒன்று, பொறியும் அணைந்து முழுவதும் துண்டிக்கப்படும் நேரம் மற்றொன்று. இரண்டு பியூஸ்கள் வரிசையில் நிற்கும்போது கீழே இருப்பது முழுவதும் துண்டித்து முடிக்கும் நேரம், மேலே இருப்பது உருகத் தொடங்கும் நேரத்தில் 75 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது பழைய நடைமுறை விதி. மிச்சக் கால்பங்கு எதற்கு? மேலே உள்ள பியூஸ் அறுந்து விழாவிட்டாலும் பாதி உருகிப் பலவீனப்பட்டுவிடக் கூடாது. அப்படிப் பழுதான பியூஸ் வெளியே பார்க்க நல்லதாகவே தெரியும். காரணமே இல்லாமல் இன்னொரு நாள் போய்விடும்.

வேண்டுமென்றே தாமதிக்கும் கருவி

பியூஸ் தானே உணர்ந்து, தானே முடிவெடுத்து, தானே அறுபடுகிறது. ரிலே அப்படியல்ல. ஃபீடரில் ஓடும் நூற்றுக்கணக்கான ஆம்பியரை சி.டி. எனப்படும் மின்னோட்ட மாற்றி 1 அல்லது 5 ஆம்பியர் அளவுக்குச் சுருக்கிக் கொடுக்கிறது. அதைப் பார்த்து ரிலே முடிவெடுக்கிறது. துண்டிக்கும் வேலை பிரேக்கருடையது. இந்தப் பிரிவினையால் பெரிய வசதி ஒன்று கிடைத்தது. எப்போது துண்டிக்க வேண்டும் என்பதை நாம் விரும்பியபடி மாற்றி வைக்கலாம்.

20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்த முடிவை எடுத்தது ஓர் உலோகத் தட்டு. பழைய மின்மீட்டரில் கண்ணாடிக்குப் பின்னே சுழலுமே, அதே தத்துவம்தான். மின்னோட்டம் கூடக்கூடத் தட்டு வேகமாகச் சுழலும். ஒரு நிலைக்காந்தம் அதற்குத் தடை போடும். தட்டோடு சேர்ந்து நகரும் தொடுமுனை எதிர்முனையைத் தொட்டதும் பிரேக்கருக்கு ஆணை போகும். தொடுமுனை கடக்க வேண்டிய தூரத்தைக் கூட்டினால் தாமதம் கூடும், குறைத்தால் குறையும். இந்த அமைப்புக்கு டி.எம்.எஸ். என்று பெயர். எத்தனை ஆம்பியரில் தட்டு நகரத் தொடங்க வேண்டும் என்பது இன்னொரு அமைப்பு. இந்தியத் துணைமின் நிலையங்களில் பல தலைமுறைப் பொறியாளர்கள் பழகிய சி.டி.ஜி. ரிலே இவ்வகையைச் சேர்ந்தது. சென்னைப் பல்லாவரத்து இங்கிலீஷ் எலக்ட்ரிக் ஆலையிலிருந்து வந்த ரிலேக்கள் நாடெங்கும் பலகைகளில் இருந்தன. இன்று அந்த இடத்தில் நுண்செயலி ரிலேக்கள் வந்துவிட்டன. ஆனாலும் அவை கணக்கிடுவது அந்தத் தட்டு சுழன்ற வளைகோட்டைத்தான்.

அந்த வளைகோட்டுக்குப் பன்னாட்டுத் தரமாக ஒரு சூத்திரம் இருக்கிறது. பாயும் மின்னோட்டம் நிர்ணயித்த அளவைப்போல் எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும். அந்த மடங்கை 0.02 அடுக்குக்கு உயர்த்தி, அதிலிருந்து 1-ஐக் கழித்து, வருவதால் 0.14-ஐ வகுத்து, டி.எம்.எஸ்.-ஆல் பெருக்கினால் விடை வினாடியில் வரும். டி.எம்.எஸ். 1 என்றால் பத்து மடங்கு மின்னோட்டத்துக்குச் சுமார் 3 வினாடி. அதனால்தான் இதை 'மூன்று வினாடி ரிலே' என்றும் அழைத்தார்கள். டி.எம்.எஸ். 0.1 என்று வைத்தால் அதே மின்னோட்டத்துக்கு 0.3 வினாடி.

இரண்டு ரிலேக்கள் வரிசையில் நிற்கும்போது நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும்? கீழே உள்ள ரிலே ஆணையிட்ட பின்னும் அதன் பிரேக்கர் திறந்து பொறி அணைய 0.1 வினாடி வரை ஆகலாம். சி.டி.யிலும் ரிலேயிலும் சில விழுக்காடு பிழை இருக்கும். மேலே உள்ளது தட்டு ரிலே என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. பழுது நீங்கிய பிறகும் தட்டு சுழன்ற வேகத்தில் சற்றுத் தூரம் ஓடிப்போய்த் தொடுமுனையைத் தொட்டுவிடலாம். இவை எல்லாவற்றுக்கும் மேல் கொஞ்சம் பாதுகாப்பு. கூட்டிப் பார்த்தால் தட்டு ரிலேக்களுக்கு 0.4 முதல் 0.5 வினாடி வரை தேவைப்பட்டது. சுழல்வதற்கு எதுவும் இல்லாத இன்றைய ரிலேக்களுக்கு 0.3 வினாடியோ சற்றுக் குறைவோ போதும்.

ஒரு ஃபீடரின் கணக்கு

எண்களை வைத்து ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 11 கே.வி. ஃபீடர் ஒன்று. அதன் ரிலே 200 ஆம்பியருக்கு மேல் விழித்துக்கொள்ளும். டி.எம்.எஸ். 0.1. அதற்கு மேலே, துணைமின் நிலையத்துப் பெரிய டிரான்ஸ்ஃபார்மரின் ரிலே 800 ஆம்பியரில் விழித்துக்கொள்ளும். அதன் டி.எம்.எஸ். 0.125.

துணைமின் நிலையத்தின் வாசலிலேயே கம்பிகள் உரசி 4000 ஆம்பியர் பாய்கிறது என்று கொள்வோம். ஃபீடர் ரிலேக்கு அது இருபது மடங்கு, 0.23 வினாடியில் ஆணையிடும். மேலே உள்ளதற்கு அது ஐந்தே மடங்கு, 0.53 வினாடி காத்திருக்கும். இடைவெளி சரியாக 0.3 வினாடி. பழுது கோட்டின் வால்பகுதியில் நேர்ந்து 1000 ஆம்பியர்தான் பாய்கிறது என்றால் ஃபீடர் ரிலேக்கு 0.43 வினாடி, மேலே உள்ளதற்கு ஏறத்தாழ 4 வினாடி. இடைவெளி தானாகவே அகன்றுவிட்டது. ஆகவே மிகப் பெரிய பழுது மின்னோட்டத்தில் கணக்கைச் சரிபார்த்துவிட்டால், இந்த வளைகோடுகளுக்குச் சிறிய மின்னோட்டங்களில் பயமில்லை.

இப்போது டிரான்ஸ்ஃபார்மருக்கு வருவோம். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் முழுச் சுமையில் 11 கே.வி. பக்கம் இழுப்பது 5.25 ஆம்பியர்தான். அதே சக்தி வீடுகளுக்குப் போகும் 433 வோல்ட் பக்கத்தில் 133 ஆம்பியர். இத்தகைய டிரான்ஸ்ஃபார்மரின் உள்தடை பொதுவாக 4.5 விழுக்காடு. வீட்டுப் பக்கக் கம்பிகள் டிரான்ஸ்ஃபார்மரின் அடியிலேயே மோதிக்கொண்டால் அங்கே 3000 ஆம்பியர் பாயும். கம்பிகள் கருகித் தீப்பொறி பறக்கும் அளவு. ஆனால் அதே பழுது 11 கே.வி. பக்கத்தில் எவ்வளவாகத் தெரியும்? வெறும் 117 ஆம்பியர்.

துணைமின் நிலையத்து ரிலே விழிப்பது 200 ஆம்பியரில். அதன் கண்ணுக்கு இந்தப் பழுது ஒரு சாதாரணச் சுமை. எத்தனை மணி நேரம் எரிந்தாலும் அது அசையாது. ஆகவே டிரான்ஸ்ஃபார்மர் பியூஸின் இடத்தை வேறு யாரும் நிரப்ப முடியாது. அந்தப் பியூஸில் அவசரத்துக்கு ஒரு தடித்த கம்பியைச் சுற்றிவிட்டால், டிரான்ஸ்ஃபார்மருக்குக் காவல் என்று எவருமே இல்லை.

அதற்காக மெல்லிய கம்பியாகப் போட்டுவிடவும் முடியாது. மின்வெட்டு முடிந்து டிரான்ஸ்ஃபார்மருக்கு மீண்டும் மின்சாரம் கொடுக்கும்போது, அதன் இரும்பு உள்ளகம் காந்தமேறுவதற்காக முழுச் சுமையைப்போலப் பத்துப் பன்னிரண்டு மடங்கு மின்னோட்டத்தை ஒரு கணம் விழுங்கும். 12 மடங்கை 0.1 வினாடி தாங்க வேண்டும் என்பது பியூஸ் தேர்வில் வழக்கமான அளவுகோல். நம் டிரான்ஸ்ஃபார்மருக்கு அது 63 ஆம்பியர். அந்த 63-க்கு அசையாமலும் இந்த 117-க்குத் தயங்காமலும் இருக்க வேண்டும். பியூஸ் நிற்பது இந்தக் குறுகிய சந்துக்குள்தான். 10 ஆம்பியர் பியூஸ் ஒன்று இரண்டையும் நிறைவேற்றும்.

வளைகோடுகள் ஒத்துப்போகாத இடம்

ரிலேக்கும் ரிலேக்கும் ஒருங்கிணைப்புச் செய்வது எளிது, பியூஸுக்கும் பியூஸுக்கும் எளிது. பியூஸும் ரிலேயும் எதிரெதிரே நிற்கும்போதுதான் தலைவலி தொடங்குகிறது. பியூஸின் வளைகோடு செங்குத்தாக விழுகிறது. மேலே சொன்ன வழக்கமான ரிலேயின் வளைகோடு சாய்வாக இறங்குகிறது. செங்குத்தானதும் சாய்வானதும் எங்காவது வெட்டிக்கொள்ளத்தான் செய்யும். வெட்டும் புள்ளிக்கு ஒரு பக்கம் பியூஸ் முந்தும், மறுபக்கம் ரிலே முந்தும்.

நம் ஃபீடரின் கிளைக்கோட்டில் 65 ஆம்பியர் பியூஸ் ஒன்று இருக்கட்டும். 1000 ஆம்பியரில் அது பத்தில் ஒரு வினாடியை ஒட்டி அறுந்துவிடும். ரிலே 0.43 வினாடி பொறுப்பதால் சிக்கல் இல்லை. 400 ஆம்பியரில் பியூஸ் தன் வகையைப் பொறுத்து அரை வினாடியோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். ரிலே 1 வினாடியில் ஆணையிட்டுவிடும். இரண்டும் நெருங்கிவிட்டன. பியூஸ் இன்னும் கொஞ்சம் சுணங்கினால் கிளைக்கோட்டின் பழுதுக்கு ஃபீடரே விழும்.

இதற்குத் தீர்வாக வந்தது 'எக்ஸ்ட்ரீம்லி இன்வெர்ஸ்' என்ற வளைகோடு. மடங்கின் வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்து, வருவதால் 80-ஐ வகுத்து, டி.எம்.எஸ்.-ஆல் பெருக்க வேண்டும். சூத்திரத்தில் மின்னோட்டத்தின் வர்க்கம் வந்துவிட்டதைக் கவனியுங்கள். பியூஸ் எந்த விதியில் உருகுகிறதோ, ஏறக்குறைய அதே விதியில் ரிலேயையும் சிந்திக்க வைத்துவிட்டார்கள். டி.எம்.எஸ். 0.1-இலேயே 400 ஆம்பியருக்கு இது 2.7 வினாடி பொறுக்கும். இரு வளைகோடுகளும் இணையாக இறங்குவதால் வெட்டிக்கொள்ளும் அபாயம் விலகுகிறது. பெரிய மின்னோட்டங்களில் இந்த ரிலே மிக வேகமாகிவிடும் என்பதால் அந்த முனையை மட்டும் தனியே சரிபார்த்து டி.எம்.எஸ்.-ஐ உயர்த்த வேண்டியிருக்கும்.

இதோடு இரண்டு நடைமுறை விதிகளும் உண்டு. ரிலே விழிக்கும் அளவு, கீழே உள்ள பியூஸின் அளவைப்போலச் சுமார் மூன்று மடங்கு இருக்க வேண்டும். நம் 65-க்கு 200 அப்படி வந்ததுதான். பியூஸ் எடுக்கும் நேரத்தில் 0.4 பங்கோடு 0.15 வினாடியைக் கூட்டி, அந்த அளவு இடைவெளி விட வேண்டும். பியூஸ் மெதுவாக உருகும்போது அதன் நேரத்தில் தடுமாற்றமும் அதிகம் என்பதால், இடைவெளியும் அதற்கேற்ப வளர்கிறது.

சிலர் இந்த வரிசையை வேண்டுமென்றே தலைகீழாக்குகிறார்கள். மேல்நிலைக் கம்பிகளில் வரும் பழுதுகளில் பத்தில் ஏழெட்டு தற்காலிகமானவை. கிளை உரசும், காகம் விழும், மின்னல் தாக்கும். மின்சாரத்தை ஒரு கணம் நிறுத்தினால் பொறி அணைந்து, எல்லாம் பழையபடி ஆகிவிடும். இதற்காக ஒரு பியூஸைப் பலி கொடுத்து, லைன்மேனை நள்ளிரவில் ஏணியில் ஏற்றுவானேன்? பியூஸ் உருகும் முன் பிரேக்கர் விரைந்து திறந்து, அரை வினாடியில் தானே மூடிக்கொள்ளட்டும். பழுது இன்னும் இருந்தால் மட்டும் இரண்டாம் முறை பிரேக்கர் பொறுத்திருக்க, பியூஸ் அறுந்து போகட்டும். 'பியூஸைக் காக்கும்' முறை என்று இதற்குப் பெயர். விலை என்னவென்றால், ஒரு கிளையின் பழுதுக்கு ஃபீடர் முழுவதும் ஒருமுறை கண்சிமிட்டும். குண்டு பல்பு காலத்தில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. வீட்டுக்கு வீடு மின்னணுக் கருவிகள் வந்த பிறகு அமெரிக்க மின் நிறுவனங்கள் பல இதைக் கைவிட்டு, பியூஸையே அறுந்துபோக விடும் முறைக்குத் திரும்பின.

இயற்கையும் இதற்கு ஓர் எல்லை போடுகிறது. எவ்வளவு அவசரப்படுத்தினாலும் பிரேக்கர் திறக்க 0.06 முதல் 0.1 வினாடி வேண்டும். நம் காகத்தின் 1000 ஆம்பியரில் 10 ஆம்பியர் பியூஸ் அதற்கு முன்பே உருகி முடிந்திருக்கும். அந்த ஓட்டப்பந்தயத்தில் பியூஸைக் காப்பாற்ற யாராலும் முடியாது.

காத்திருப்பின் விலை

படிக்குப் படி 0.3 வினாடி கூட்டிக்கொண்டே மேலே போனால் என்ன ஆகும்? மின் உற்பத்தி நிலையத்துக்கு அருகே போகப்போகப் பழுது மின்னோட்டம் பெரிதாகும், அதே திசையில் காத்திருக்கும் நேரமும் நீளும். எங்கே சேதம் மிகக் கொடியதோ அங்கே பொறுமை மிக அதிகம் என்று ஆகிவிடும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களைப் பன்னாட்டுத் தரப்படி வடிவமைப்பது, முழு ஷார்ட் சர்க்யூட் வெப்பத்தை 2 வினாடி தாங்கும் கணக்கில்தான்.

அதனால் உயர் அழுத்தக் கோடுகளில் நேரத்தை மட்டும் நம்பாமல் தூரத்தையும் அளக்கும் ரிலேக்கள் வந்தன. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் பழுது எவ்வளவு தொலைவில் என்பது தெரிந்துவிடும். கோட்டின் முதல் 80 விழுக்காட்டுக்குள் என்றால் உடனே துண்டிக்கும். அதைத் தாண்டி அடுத்த நிலையத்தின் வாசல்வரை என்றால் அரை வினாடிக்குள் ஒரு தாமதம். அடுத்த கோட்டுக்குள்ளேயே என்றால் மூன்றாம் மண்டலம், சுமார் 1 வினாடி. அந்தக் கோட்டின் சொந்தக் காவலர் தவறினால் மட்டுமே இவர் தலையிட வேண்டும்.

இந்தக் கடைசிக் காவலருக்கு ஒரு பலவீனம் உண்டு. மிகத் தொலைவில் உள்ள பழுதும் மிகக் கனத்த சுமையும் அவர் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும்.

1965 நவம்பர் 9 மாலை 5:16 மணி. நயாகரா ஆற்றங்கரையில் கனடாவின் சர் ஆடம் பெக் நிலையத்திலிருந்து டொரன்டோ பக்கம் போகும் ஐந்து 230 கே.வி. கோடுகளில் ஒன்றை அதன் துணைக் காவல் ரிலே துண்டித்தது. பழுது எதுவும் இல்லை. அந்த ரிலேயை 1963-இல் 375 மெகாவாட்டில் இயங்குமாறு வைத்திருந்தார்கள். அன்றைக்கு அது நியாயமான அளவு. இரண்டு ஆண்டுகளில் சுமை வளர்ந்தது, ரிலேயின் எண் வளரவில்லை. குளிர்கால மாலைச் சுமை ஏறிய ஒரு கணத்தில் எல்லை மீறியது. முதல் கோடு விழுந்ததும் அதன் சுமை மற்ற நான்கில் ஏற, அவையும் மூன்று வினாடிக்குள் வரிசையாக விழுந்தன. வடக்கே போக வழியில்லாத மின்சாரம் தெற்கே நியூயார்க் மாநிலத்துக்குள் வெள்ளமாகப் புகுந்தது. மூன்று கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள். சில இடங்களுக்கு மின்சாரம் திரும்ப 13 மணி நேரம் ஆனது. அந்த ரிலே கெட்டுப்போனதல்ல. சொன்னதைச் சொன்னபடி செய்தது.

இதே நாடகம் 2012 ஜூலை 30 அதிகாலை 2:33 மணிக்கு இந்தியாவில் நடந்தது. மத்தியப் பிரதேசத்தில் பீனாவுக்கும் குவாலியருக்கும் இடையே ஓடும் 400 கே.வி. கோடு மிகையான சுமையோடு இருந்தது. அந்தச் சுமையை அதன் மூன்றாம் மண்டல ரிலே தொலைதூரப் பழுது என்று எடுத்துக்கொண்டு கோட்டைத் துண்டித்தது. வடக்கு மின்தொகுப்பு விழுந்தது. மறுநாள் பகல் 1 மணிக்கு வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என மூன்று தொகுப்புகளும் சேர்ந்து விழ, 60 கோடிக்கு மேற்பட்டோர் வாழும் நிலப்பரப்பு செயலிழந்தது. தமிழ்நாடு தப்பியது. அப்போது தென்னகத் தொகுப்பு மற்றவற்றோடு நேர்மின்னோட்ட இணைப்புகளால் மட்டுமே சேர்ந்திருந்தது. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கே.வி. கோடு வழியாக நாமும் ஒரே அதிர்வெண்ணில் இணைந்துவிட்டோம். வடக்கே ஒரு ரிலே தவறினால் நமக்கென்ன என்று இனிமேல் இருக்க முடியாது.

கூரைகளில் சூரியத் தகடுகள் பெருகுவதும் பழைய கணக்கைக் கலைக்கிறது. நாம் மேலே போட்ட கணக்கு முழுவதும், மின்சாரம் துணைமின் நிலையத்திலிருந்து வீட்டை நோக்கி ஒரே திசையில் வருகிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. கிளைக்கோட்டிலேயே உற்பத்தி இருந்தால், பியூஸ் பார்க்கும் மின்னோட்டமும் ரிலே பார்க்கும் மின்னோட்டமும் வெவ்வேறாகிவிடும். சூரியத் தகடுகளின் இன்வெர்ட்டர்களோ பழுதின்போது தம் அளவைவிடச் சற்றே கூடுதலான மின்னோட்டத்தைத்தான் தரும். பழுது என்றால் பல மடங்கு ஆம்பியர் என்று பழகிய காவலருக்கு அது போதாது. ரிலேயில் எழுதிவைத்த எண்ணுக்கும் ஆயுள் உண்டு. ஊர் வளரும்போதெல்லாம் அதைத் திரும்பக் கணக்கிட்டாக வேண்டும்.

நம் பங்கு

இந்தக் கணக்கில் கடைசிப் படி நம் வீட்டுக்குள் இருக்கிறது. அறையில் ஒரு சுவிட்ச் பெட்டியில் ஷார்ட் ஆனால், அறைக்குரிய எம்.சி.பி.யோடு மெயினும் சேர்ந்து விழுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். மோட்டார், ஏ.சி. போன்றவற்றுக்குப் போடும் சி-வகை எம்.சி.பி. தன் அளவைப்போல 5 முதல் 10 மடங்கில் உடனடியாகத் துண்டிக்கும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 160 ஆம்பியர் போதும், 40 ஆம்பியர் மெயினுக்கு 400 போதும். ஷார்ட்டில் ஓடுவது ஆயிரம் என்றால் இருவருமே உடனே குதிப்பார்கள், காத்திருக்க யாரும் இல்லை. இதில் ஆபத்து கிடையாது, அசௌகரியம்தான்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பியூஸ் கட்டை உள்ள வீடுகளில் அடிக்கடி போகிறதே என்று கம்பியை இரட்டையாக மடித்துப் போட்டால், அது உள்ளே விடும் 'ஐ ஸ்கொயர் டி' நான்கு மடங்காகும். வயரிலிருந்து உரித்த செம்பிழைகளைச் சுற்றினால் இன்னும் பல மடங்கு. அப்போது சுவருக்குள் இருக்கும் வயர் பியூஸை முந்திக்கொண்டு உருகும், அல்லது தெருவின் பியூஸ் போகும். எழுதியிருக்கும் அளவுக்கான கம்பியையே போடுங்கள். திரும்பத் திரும்பப் போனால் பியூஸை மாற்றாமல் காரணத்தைத் தேடுங்கள்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. இத்தனை பியூஸும் ரிலேயும் மின்னோட்டம் கூடினால்தான் விழித்துக்கொள்ளும். அறுந்து விழுந்த 11 கே.வி. கம்பி காய்ந்த மணலிலோ தார்ச்சாலையிலோ கிடந்தால், அதிலிருந்து மண்ணுக்குள் போகும் மின்னோட்டம் சில ஆம்பியரோ அதைவிடக் குறைவோதான். ஃபீடரின் வழக்கமான சுமையில் அது தெரியவே தெரியாது. எந்தப் பியூஸும் போகாது, பிரேக்கர் விழாமலும் போகலாம். ஒரு மனிதரைக் கொல்ல ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூடப் போதும். எனவே சாலையில் கம்பி அறுந்து கிடந்தால், பொறி பறக்கவில்லை, ஓசை இல்லை என்பதை வைத்து அதில் மின்சாரம் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். விலகி நில்லுங்கள், மற்றவரையும் நெருங்க விடாதீர்கள், மின்வாரியத்துக்கு உடனே சொல்லுங்கள். துணைமின் நிலையத்தில் அந்த ஃபீடரை நிறுத்திவிட்டதாக அவர்களே உறுதி சொல்லும்வரை அந்தக் கம்பியில் 11,000 வோல்ட் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.